பாஸ்வேர்டு மாற்றிக்கொடுக்கும் வேலைக்கா பி.காம். படித்தாள்?

சார், உங்கள் கோபம் புரிகிறது. உங்கள் பெண்ணுக்கு சேல்ஸ்ஃபோர்ஸ் (கம்பெனிகள் வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் நிர்வகிக்கும் ஆன்லைன் மென்பொருள்) அட்மின், அதாவது அதை நிர்வகிப்பவர், டிரெய்னி வேலை வந்திருக்கிறது, வேலை விவரத்தின் முதல் வரியே பயனர்களின் லாகின் பிரச்சினையைத் தீர்ப்பது என்று இருக்கிறது, உடனே நீங்கள் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். என் பதில்: சேரட்டும். ஆனால் அதற்கு முன் கம்பெனியிடம் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும், அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

"உள்ளே போக முடியவில்லை" என்று யாராவது போன் பண்ணியதும் பாஸ்வேர்டை ரீசெட் செய்துவிடுபவர் நல்ல அட்மின் இல்லை. பயனரின் திரையில் வருவது மொட்டையான ஒரு வாசகம்தான், ஏனென்றால் எது தப்பு என்று விலாவாரியாகச் சொன்னால் திருட்டுத்தனமாக நுழையப் பார்ப்பவனுக்கும் அது உதவிவிடும். நிஜக் காரணம் அட்மின் பார்க்கும் லாகின் ஹிஸ்டரியில் இருக்கும், ஆறு மாதப் பதிவுகள் கிடைக்கும். பாஸ்வேர்டு தப்பா, அனுமதி இல்லாத ஐபி முகவரியா (இணையத்தில் அவர் எந்த இணைப்பிலிருந்து வருகிறார் என்று காட்டும் எண்), கணக்கு பூட்டிக்கொண்டதா என்று அங்கே தெரிந்துவிடும். அவர் பெயரில் பதிவே இல்லையென்றால் பெரும்பாலும் யூசர்நேமே தப்பு. அது பார்க்க மின்னஞ்சல் மாதிரி இருக்கும், ஆனால் அவருடைய மின்னஞ்சலாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சாண்ட்பாக்ஸில், அதாவது சோதனைக்கான நகலில், அந்த யூசர்நேமின் வாலில் சாண்ட்பாக்ஸ் பெயர் வேறு ஒட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. புரொஃபைலில் (ஒரு வகைப் பயனர்களுக்கு எதெல்லாம் அனுமதி என்று சொல்லும் அமைப்பு) லாகின் நேரம் காலை 8 முதல் மாலை 6 வரை என்று வைத்திருப்பார்கள், அந்தக் கடிகாரம் நிறுவனத்தின் பொது நேர மண்டலப்படி ஓடும், தலைமையகம் கலிஃபோர்னியாவில் இருந்தால் சென்னையில் காலை பத்து மணிக்கு உட்காருகிறவருக்குக் கதவு திறக்காது. பாஸ்வேர்டை நூறு முறை மாற்றினாலும் திறக்காது! இதேபோல், யாரும் எதுவும் மாற்றாமல் ஒரு கணக்கு திரும்பத் திரும்பப் பூட்டிக்கொண்டால், எங்கோ ஓடும் இன்னொரு மென்பொருள் பழைய பாஸ்வேர்டால் தட்டிக்கொண்டே இருக்கிறதா என்று தேட வேண்டும். கம்பெனி சிங்கிள் சைன்-ஆன் (ஒரே லாகினில் எல்லா மென்பொருளுக்குள்ளும் போகும் வசதி) வைத்திருந்தால் கோளாறு சேல்ஸ்ஃபோர்ஸிலேயே இல்லாமலும் போகலாம், அப்போது வேறு டீமிடம் ஆதாரத்தோடு பேசத் தெரிய வேண்டும். இப்படித் தேடிப் பழகினால் புரொஃபைல், பர்மிஷன் செட் (பயனருக்குக் கூடுதலாகத் தரும் அனுமதிகளின் தொகுப்பு), பாதுகாப்பு அமைப்புகள் எல்லாம் தானாகப் பிடிபடும். பெரிய அட்மின் வேலைக்கான நேர்காணல்களில் இவற்றைத்தான் துருவுவார்கள்.

இன்னொன்று. 2025-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் பயன்படுத்தும் பல நிறுவனங்களின் ஊழியர்களுக்கு, மோசடிக்காரர்கள் ஐடி சப்போர்ட்டிலிருந்து பேசுகிறோம் என்று போன் செய்து, போலி செயலிக்கு அனுமதி வாங்கி, தகவல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். ஆக, போனில் பேசுவது யார் என்று உறுதிசெய்யாமல் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை நீக்கித்தரும் அட்மின் கம்பெனிக்கே ஆபத்து. இதையா சின்ன வேலை என்கிறீர்கள்?

பயிற்சிக்காகத் தனியாகக் கோர்ஸுக்குப் பணம் கட்ட வேண்டாம். சேல்ஸ்ஃபோர்ஸின் பயிற்சித் தளமான டிரெயில்ஹெட் இலவசம், பழகிப்பார்ப்பதற்கான டெவலப்பர் எடிஷனும் இலவசம் (சான்றிதழ் தேர்வுக்குத்தான் கட்டணம்). டெவலப்பர் எடிஷனில் வேறு புரொஃபைலில் இரண்டாவது பயனர் ஒருவரை உருவாக்கி, அந்தப் புரொஃபைலில் லாகின் நேரத்தையும் ஐபி வரம்பையும் வேண்டுமென்றே தப்பாக வைத்து, என்ன ஆகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தன் புரொஃபைலிலேயே விளையாட வேண்டாம், அப்புறம் அவளே வெளியே நிற்பாள்.

சரி, கம்பெனியிடம் கேட்க வேண்டியது. செட்டப் அனுமதி (அமைப்புகளைத் தானே மாற்றும் உரிமை) எப்போது கிடைக்கும், அல்லது டிக்கெட்டை, அதாவது பயனரின் புகாரை, பதிவுசெய்து மேலே தள்ளிவிடுவது மட்டும்தான் வேலையா? பின்னதுதான் என்றால், உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நைட் ஷிஃப்ட் உண்டா, உண்டென்றால் வண்டி விடுவார்களா? பாண்டு எத்தனை வருடம், பாதியில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும்? ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ, பயிற்சிக் கட்டணம் என்று முன்பணம் கேட்டாலோ கையெழுத்து போட வேண்டாம், ஆஃபர் லெட்டரை முதலில் எனக்கு அனுப்புங்கள்.