புது செயின் போட்டும் நழுவுதே!

கேள்வி: அண்ணா, என்னோட 7 கியர் சைக்கிள்ல போன வாரம்தான் புது செயின் மாத்துனேன், ஆனா மேடு ஏறும்போது அழுத்தி மிதிச்சா டக்கு டக்குன்னு ஸ்லிப் ஆகுது. செயின் டூப்ளிகேட்டா இருக்குமோ?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: செயின் மேல பழி போடாதீங்க தம்பி, கோளாறு பின் சக்கரத்துல இருக்குற ஃப்ரீவீல்லதான், அதாவது செயின் ஓடுற பல் சக்கரக் கொத்துல. பழைய செயின்ல பின்னு தேஞ்சு தேஞ்சு நீளம் கூடிருக்கும், அதுக்கு ஏத்த மாதிரி ஃப்ரீவீல் பல்லும் தேஞ்சிருக்கும், இப்ப அதுல சரியான அளவு செயின் வந்தா எப்படி உக்காரும்? அடிக்கடி ஓட்டுற கியர்லதான் நழுவும், ஓட்டாத கியர்ல போட்டுப் பாருங்க, தெரிஞ்சிடும்.

அடுத்த தடவை ஸ்கேல் வச்சு அளங்க. ஒரு பின்னோட நடுவுல ஆரம்பிச்சா 12 இன்ச்ல இன்னொரு பின்னோட நடு சரியா வரணும். 1/16 இன்ச் தள்ளிப்போனா செயினை மட்டும் மாத்துனா போதும், 1/8 வரைக்கும் விட்டுட்டா ஃப்ரீவீலும் சேர்ந்து போச்சு, டபுள் செலவு.

ஃப்ரீவீலைக் கழட்ட அதுக்குன்னு இருக்குற ரிமூவர் வேணும், சுத்தியல் உளியெல்லாம் வேணாம், மிதிக்க மிதிக்க டைட் ஆகுற மரை அது, லேசுல வராது. புதுசு மாட்டும்போது மரைல கிரீஸ் தடவிடுங்க. செயினுக்கு எண்ணெய் விட்டா மேல வழியுறதைத் துணியால துடைச்சிடணும், இல்லன்னா மண்ணு ஒட்டி அதுவே அரம் மாதிரி ராவிடும்.