லாக்பிக்கிங் (சாவி இல்லாம பூட்டைத் திறக்குறது) பழக முதல்ல என்ன செட், எந்த பூட்டு வாங்கலாம்?

முப்பது பீஸ் கிட்டெல்லாம் வேணாங்க, அதுல பாதிய தொடவே மாட்டீங்க. பிக்குன்னா பூட்டுக்குள்ள விடுற மெல்லிய கம்பி, அதுல நுனி வளைஞ்ச ஒரு ஷார்ட் ஹூக், ஒரு மீடியம் ஹூக், நுனி அலை அலையா இருக்குற ஒரு ரேக், கூட பூட்டு உருளையைத் திருப்ப அழுத்தம் குடுக்குற வளைஞ்ச கம்பி, அதாவது டென்ஷன் ரெஞ்ச், ரெண்டு மூணு, ஆரம்பத்துக்கு இது தாராளம். பிக் 0.025 இன்ச் தடிமன் இருந்தா வளையாம தாங்கும், சாவி துவாரம் ரொம்ப குறுகலா இருந்தா 0.018 பாருங்க. எல்லாரும் பிக்கையே பாக்குறாங்க, ஆனா வேலை பூரா ரெஞ்ச்லதான், விரல் நுனியால லேசா அழுத்தம் குடுத்துட்டே ஒவ்வொரு பின்னா (சாவி தூக்கிவிடுற சின்ன உலோகக் குச்சி) தேடணும், எது இறுக்கமா நிக்குதோ அதை மெதுவா தூக்கினா சின்னதா ஒரு க்ளிக், ரெஞ்ச்லயும் ஒரு மயிரிழை அசைவு தெரியும்.

உள்ள தெரியுற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பூட்டு, பின் எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு தடவை பாக்க மட்டும்தான் லாயக்கு, ரொம்ப லூசா இருக்கும். அதுக்கு பதிலா நாலு பின் உள்ள மாஸ்டர் லாக் நம்பர் 3 எடுங்க, கை பழகினதும் ஸ்பூல் பின் (நடுவுல ஒடுங்கின, திறக்க கஷ்டமான பின்) போட்ட அமெரிக்கன் லாக் 1100. கண்டிப்பா சொந்தப் பூட்டுலதான் பழகணும், அதுவும் வாசல்ல மாட்டியிருக்கிறதுல வேணாம், உள்ள ஸ்பிரிங் கெட்டா வெளிய நிப்பீங்க. நம்ம திண்டுக்கல் பூட்டு லிவர் டைப், பின்னுக்கு பதிலா உள்ள தட்டையான தகடுகள் இருக்கும், அதுக்கு இந்த செட் ஆகாது.