வெள்ளை வளையத்துக்காக ஒரு நாள்: நோயெதிர்ப்பியல் பிஎச்.டி. கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை வாசகசாலையில் மேசை மேல் வைத்திருந்த பிஸ்கெட் டப்பாவில் சேர்ந்த சீட்டுகள் இவை. பெயர் வேண்டாம், ஊர் போதும் என்று சொல்லியிருந்தேன். இதே ஊரில் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள் நான். மூட்டுகளை உடம்பே தாக்கும் முடக்குவாதத்தில், நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களான டி செல்கள் என்ன செய்கின்றன என்பதில் முனைவர் பட்டம் வாங்கினேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

வேலந்தாவளம், எம்.எஸ்சி. மாணவர்: அக்கா, உடம்பு தன்னையே தாக்கும் நோய்கள் தொடர்பாக 2025-ல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். இனி ஆராய என்ன மிச்சம்?

ஏறக்குறைய எல்லாமே மிச்சம், தம்பி. ஜி.எஸ்.டி. வருவதற்கு முன்பு வாளையார் எல்லைச் சாவடியில் லாரிகள் நின்ற வரிசையைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியும் அப்படியொரு சோதனைச்சாவடிதான். டி செல்கள் அங்கேதான் பக்குவப்படுகின்றன. சொந்தப் புரதத்தின் மேல் பாயும் செல் கழிக்கப்படும். எதையுமே அடையாளம் காணத் தெரியாத செல்லும் கழிக்கப்படும். நூற்றில் ஐந்துகூட வெளியே வருவதில்லை. அத்தனை கெடுபிடியிலும் சில தப்பித்து வந்துவிடுகின்றன. நம் எல்லோர் உடம்பிலும் அவை உலாவுகின்றன.

1969-ல் ஜப்பானில் ஒரு சோதனை நடந்தது. பிறந்து மூன்றே நாளான எலிக்குட்டிகளின் தைமஸை எடுத்துவிட்டார்கள். எதிர்ப்புச் சக்தி குறையும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அந்த எலிகளின் சினைப்பைகள் சிதைந்துபோயின. சாவடியை மூடியதில் அங்கிருந்து கிளம்பி, தப்பி வந்தவற்றை அடக்க வேண்டிய ரோந்து வண்டியும் நின்றுபோனது என்பது பின்னால்தான் புரிந்தது. அந்த ரோந்து செல்களை ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டினார். அடக்கும் டி செல் என்ற பேச்சையே பலர் கைவிட்டிருந்த காலம் அது. சொறி பிடித்து இளமையிலேயே சாகும் ஒருவகை எலியில் பழுதான மரபணு ஃபாக்ஸ்பி3 என்று மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001-ல் கண்டுபிடித்தார்கள். ரோந்து செல்கள் உருவாக அந்த மரபணுதான் வேண்டும் என்பது 2003-ல் தெளிவானது. நீங்கள் சொன்ன நோபல் இந்த மூவருக்கும்தான்.

ஆனால் தோல், மூட்டு, சிறுநீரகம் என்று உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ், ஒரு குடும்பத்தில் அக்காவுக்கு வந்தது ஏன் தங்கைக்கு வரவில்லை? லூபஸ் நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் ஏன் பெண்கள்? முடக்குவாதம் விரல் நுனி மூட்டை விட்டுவிட்டு நடுமூட்டை ஏன் பிடிக்கிறது? முழுப் பதில் யாரிடமும் இல்லை.

கொல்லங்கோடு: பாட்டிக்கு 2007-ல் சிக்குன்குனியா வந்தது. மூட்டுவலி இன்னும் போகவில்லை. இதையே ஆராய்ச்சிக்கு எடுக்கலாமா?

டப்பாவில் இருந்த சீட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். 2006, 2007 ஆண்டுகளில் அந்தக் காய்ச்சல் கேரளத்தைப் படுக்கவைத்தது. பலருக்கு வலி சில வாரங்களில் விட்டுவிடும். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நிற்கும். காலையில் விரல் மடக்க முடியாமல் முடக்குவாதம் போலவே இருக்கும். ஆனால் முடக்குவாதக்காரர்கள் பலரிடம் காணப்படும் சி.சி.பி. ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் இவர்களிடம் பெரும்பாலும் இருக்காது. வைரஸின் எச்சம் மூட்டில் தங்கிவிட்டதா, தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை அது தட்டி எழுப்பிவிட்டதா என்பது இன்னும் தீராத வழக்கு.

ஒரு திருத்தம் மட்டும். "சிக்குன்குனியாவும் மூட்டுவலியும்" என்பது தலைப்பு. அதற்கு ஐந்து ஆண்டு போதாது, ஐம்பது ஆண்டும் போதாது. "காய்ச்சலின் முதல் வாரத்து ரத்தத்தில் எது இருந்தால் வலி ஓராண்டு நிற்கும்?" என்பது கேள்வி. நேர்காணலில் இதைத்தான் பார்ப்பார்கள். பாட்டியை முதலில் வாதநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய காய்ச்சலின் மேல் பழியைப் போட்டுத் தேய்மானத்தையோ உண்மையான முடக்குவாதத்தையோ தவறவிட்டுவிடக் கூடாது.

சித்தூர், ஒரு தந்தை: மகளுக்கு எந்தத் தேர்வு? சோறு போடுமா இந்தப் படிப்பு?

சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் தேர்வு. மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., உயிர்த்தொழில்நுட்பத் துறையான டி.பி.டி. வழங்கும் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைகளும் உண்டு. எது கிடைத்தாலும் 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. திருவனந்தபுரத்தில் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், டெல்லியில் தேசிய நோயெதிர்ப்பியல் நிறுவனம், பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் எல்லாம் பார்க்கலாம். நோயாளிகளை ஒட்டிய வேலை வேண்டுமென்றால் வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர்.

பணம் ஒன்றாம் தேதி வரும் என்று நம்பிச் சீட்டுக் கட்டாதீர்கள், ஐயா. எனக்கு ஒருமுறை ஏழு மாதம் சேர்த்து வந்தது. அந்த ஏழு மாதமும் அம்மாதான் அரிசி அனுப்பினார்.

கல்பாத்தி: எலியைக் கொல்ல மனம் வரவில்லை.

கொல்லாமலே செய்யலாம். நோயாளிகளின் ரத்தத்தை மட்டும் வைத்து நடக்கும் ஆய்வகங்கள் உண்டு. கணினியில் மரபணுத் தரவை மட்டும் அலசுபவர்களும் உண்டு. சேரும்போதே சொல்லிவிடுங்கள்.

கோவிந்தாபுரம், நர்ஸ்: முடி கொட்டுகிறதென்று பார்த்ததில் ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ். லூபஸா?

சகோதரி, ஏ.என்.ஏ. என்பது சொந்தச் செல்லின் கருவையே பிடிக்கும் ஆன்டிபாடி; 1:80 என்றால் ரத்த நீரை எண்பது மடங்கு நீர்த்தும் அது தெரிகிறது என்று பொருள். அந்த ஒரு வரியை வைத்து லூபஸ் என்று சொல்ல முடியாது. 1997-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்திலேயே 1:80-ல் 13 சதவீதம் பேர் பாசிட்டிவ்; 1:40-ல் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். மூட்டு வீக்கம், வெயில் பட்டால் சிவக்கும் தோல், சிறுநீரில் புரதம், இவற்றில் ஏதாவது இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். மாணவர்களும் இந்தக் கணக்கை மனதில் வையுங்கள். நோயாளியிடம் ஒன்றைக் கண்டதும் துள்ளிக் குதிக்காமல், நோயில்லாத பக்கத்து வீட்டுக்காரரிடமும் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆய்வு நெறியாளர் அறைக் கதவைத் தட்ட வேண்டும். நான் பார்க்காமல் தட்டியிருக்கிறேன்.

வேலந்தாவளம், அதே மாணவர்: ஆய்வகத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்? தமிழ்வழிப் பையனால் முடியுமா?

பதினொரு மணிக்கு ஓ.பி.யிலிருந்து பத்து மில்லி ரத்தம் வரும். ஃபைக்கால் என்ற திரவத்தின் மேல் அதைக் கலங்காமல், குழாயின் சுவரோரமாக வழியவிட வேண்டும். கை நடுங்கினால் இரண்டும் கலந்துவிடும். பிறகு சுழற்றியில் அரைமணி நேரம். எடுத்துப் பார்த்தால் அடியில் சிவப்பணு, மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவில் மோர்ப்பானை விளிம்பில் ஒட்டிய வெண்ணெய் போல மெல்லிய வெள்ளை வளையம். நாம் தேடும் செல்கள் அந்த வளையத்தில்தான். மூச்சை அடக்கி உறிஞ்சி எடுத்து, கழுவி, எண்ணி, சாயமேற்றி, கருவியில் ஓட்டி முடிக்கும்போது கான்டீன் மூடியிருக்கும். ஒருமுறை ஒரு மருத்துவமனையில் யாரோ அக்கறையாக ரத்தக் குழாய்களை ஐஸ் மேல் வைத்து அனுப்பினார்கள். இந்த வேலைக்கு ரத்தம் அறை வெப்பத்தில் வர வேண்டும். ஆறு நோயாளிகளின் மாதிரிகள் வீணாயின. அவர்கள் முகங்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

மொழி பற்றி: முதல் ஆண்டு கருத்தரங்குகளில் நான் வாய் திறக்கவில்லை. வாரம் ஒரு ஆய்வுக்கட்டுரையின் படங்களை மட்டும் எடுத்து, அம்மாவுக்குத் தமிழில் விளக்கிப் பழகினேன். அம்மா "அப்புறம்?" என்று கேட்கும் இடத்தில் எனக்கே விளங்கவில்லை என்று தெரிந்துவிடும். ஆங்கிலம் அதன் பின்னால் வந்தது. பயப்பட வேண்டியது மொழிக்கல்ல, நெறியாளர் தேர்வுக்கு. அவரிடம் பேசும் முன் அவருடைய பழைய மாணவர்கள் இருவரைத் தேடிப்பிடித்து, எத்தனை ஆண்டில் முடித்தீர்கள், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் பதில்தான்.

எலப்புள்ளி, பிளஸ் டூ: உங்கள் ஆய்வகத்தைப் பார்க்க வரலாமா அக்கா?

வா. வியாழக்கிழமை வா, அன்றுதான் வாதநோய் ஓ.பி. செருப்புடன் உள்ளே விட மாட்டார்கள், ஷூ போட்டுக்கொள். சாப்பாடு கட்டிக்கொண்டு வா, கான்டீனைப் பற்றித்தான் சொன்னேனே.