செம்பு பொன்னாகுமா? (கடிதமும் பதிலும்)

வணக்கம் சார்,

நான் செம்பூரில் இருக்கிறேன். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். எங்கள் சொசைட்டியில் ஒரு இரானி குடும்பம் இருக்கிறது. ஈரானில் தோன்றிய பஹாய் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள், நல்ல மனிதர்கள். அறிவியலோடு ஒத்துப்போகாத மதம் மூடநம்பிக்கைதான் என்பது எங்கள் மார்க்கத்தின் கொள்கை என்றார் அந்த வீட்டுப் பெரியவர். எனக்குப் பிடித்துப்போய், அவர் கொடுத்த, மார்க்கத்தை நிறுவிய பஹாவுல்லாவின் 'கிதாப்-இ-இகான்' நூலை ஆங்கிலத்தில் படிக்க ஆரம்பித்தேன். செம்பு சுரங்கத்திலேயே இறுகிப்போகாமல் காக்கப்பட்டால் 70 வருடத்தில் பொன்னின் நிலையை அடையும் என்று அதில் வருகிறது. அதோடு மூடி வைத்துவிட்டேன். பஹாவுல்லாவின் சொல்லில் பிழையே கிடையாது என்றும் பெரியவர் சொல்கிறார். இரண்டும் எப்படிச் சேரும்? அவரிடமே கேட்டால் மனம் புண்படுமோ என்று தயக்கம்.

ஒரு வாசகர், செம்பூர், மும்பை

அன்புள்ள நண்பருக்கு,

வேதியியலில் நீங்கள் சொல்வதுதான் சரி. செம்பின் அணுக்கருவில் 29 புரோட்டான்கள், பொன்னில் 79. எத்தனை யுகம் சுரங்கத்தில் கிடந்தாலும் அது இதுவாகாது. இதற்குச் சமாதானம் தேட மாட்டேன். ஆனால் நீங்கள் புத்தகத்தை மூடியது சரியான இடத்தில் இல்லை. இன்னும் சில வரிகள் போயிருக்க வேண்டும்.

அந்த நூல் யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். பஹாவுல்லாவுக்கு முன்னோடியாக வந்த இறைத்தூதர் பாபின் தாய்மாமன் ஒருவர். தூக்கி வளர்த்த குடும்பத்துப் பிள்ளைதான் ஷியாக்கள் காலகாலமாகக் காத்திருந்த மீட்பரான காயிம் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. பாப் 1850இல் தப்ரீஸில் சுட்டுக் கொல்லப்பட்டுப் பத்தாண்டுக்கு மேலான பிறகும் அந்தக் குழப்பம் தீரவில்லை. பாக்தாத்தில் இருந்த பஹாவுல்லாவிடம் தன் கேள்விகளைக் கொடுத்தார். இரண்டு பகல், இரண்டு இரவில் வந்த பதில்தான் இகான் என்பது பஹாய் மரபு. செம்பு வரும் பகுதியில் பேச்சு கனிமத்தைப் பற்றியது அல்ல. நேற்றுவரை சொத்து, சுகம், உயிர் எல்லாவற்றையும் இறுகப் பிடித்திருந்த சாதாரண ஆட்கள், நம்பிக்கை வந்ததும் அத்தனையையும் உதறிவிட்டுச் சாவை நோக்கி நடந்தார்களே, அது எப்படி என்பதுதான் பேச்சு. 70 வருடப் படிகளை உண்மையான ரசக்குளிகை ஒரே கணத்தில் கடக்க வைத்துவிடும், அப்புறம் அந்தப் பொன்னைச் செம்பு என்று அழைக்க முடியுமா என்று கேட்கிறார் பஹாவுல்லா.

இது நமக்குப் புதிதா? 'பரிசன வேதி பரிசித்த தெல்லாம் வரிசை தரும்பொன்', அதாவது ரசக்குளிகை தொட்டதெல்லாம் பொன் ஆவதுபோல, குரு தொட்டதெல்லாம் மும்மலம் நீங்கிச் சிவகதி அடையும் என்கிறார் திருமூலர். அந்தப் பாட்டை எந்தத் தமிழாசிரியரும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனதில்லை. உலோகம் மண்ணுக்குள் மெல்ல மெல்ல முதிர்கிறது என்பது பழைய ரசவாதிகளின் பொது நம்பிக்கை. கேட்பவருக்குத் தெரிந்த அந்தப் பாடத்தை வைத்து, அவருக்குத் தெரியாத ஒன்றைப் பஹாவுல்லா சொல்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

ஆனால் இதோடு விட்டால் உங்களுக்கு நான் பாதிதான் சொன்னவன் ஆவேன். பஹாய் தரப்பின் அதிகாரபூர்வமான பதில் இது அல்ல. பஹாவுல்லாவின் கொள்ளுப்பேரனும் எழுத்துகளுக்குப் பொருள் சொல்லும் உரிமை பெற்றவருமான ஷோகி எஃபெண்டியின் சார்பில் எழுதப்பட்ட ஒரு கடிதம் இதே வரியைப் பற்றிப் பேசுகிறது. பஹாவுல்லாவுக்கு எல்லா அறிவும் எட்டியிருந்தது. ஆகவே அவர் ஏதோ ஓர் உண்மையான பௌதிக நிலையைத்தான் குறிப்பிட்டிருக்க வேண்டும், நமக்கு அது தெரியவில்லை என்பதால் அது பொய்யாகாது என்கிறது. இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நாளைக்குத் தெரியும் என்ற பதிலை எந்தக் கூற்றுக்கும் பொருத்திவிடலாம். அதே தரப்பு ஷோகி எஃபெண்டியின் பிழையாமைக்கு எல்லை போட்டிருக்கிறது: அது மார்க்கத்தோடும் அதன் விளக்கத்தோடும் நிற்கும், பொருளாதாரம், அறிவியல் போன்றவற்றில் அவர் பிழையாத அதிகாரி அல்ல. அந்த எல்லைக்கோடு எனக்கு நேர்மையானதாகப் படுகிறது.

செம்பைவிடக் கடினமான இடமும் உண்டு. பஹாவுல்லாவின் 'லவ்ஹ்-இ-ஹிக்மத்' என்ற நிருபத்தில் கிரேக்கத் தத்துவவாதி எம்பிடோக்ளிஸ் தாவீதின் காலத்தவர் என்றும், பித்தாகரஸ் சாலமோனின் காலத்தவர் என்றும் வருகிறது. இடையில் பல நூற்றாண்டுகள் இருக்கின்றன. பழைய இஸ்லாமிய வரலாற்று நூல்களில் உள்ள கணக்கு அது. அதே நிருபத்தில்தான், மனிதர்களின் புத்தகங்களை நாம் படித்ததில்லை, அறிஞர் சொல்லைச் சொல்ல விரும்பினால் அது ஒரு பலகையாகக் கண்முன் தோன்றும் என்றும் எழுதுகிறார். இரண்டும் ஒரே நிருபத்தில் இருப்பதை மறைக்கத் தேவையில்லை. பலகை தோன்றியது, அதில் இருந்தது மனிதர்கள் எழுதியதுதான் என்று கொண்டால் முடிச்சு ஓரளவு தளரும். இது என் வாசிப்பு மட்டுமே.

இனி பிழையாமைக்கு வருவோம். எல்லாம் அறிந்தவர் என்பது ஒரு கூற்று, பிழையாதவர் என்பது வேறொன்று. பஹாவுல்லாவின் சட்ட நூலான 'கிதாப்-இ-அக்தஸ்' இந்த இரண்டாவதை இறைத்தூதருக்கு மட்டும் உரியதாக, பங்காளி இல்லாததாகச் சொல்கிறது. (இகான், அக்தஸ் இரண்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம் பம்பாயில் அச்சேறியவை. அக்தஸ் 1890–91இல். ஈரானில் அவற்றை வெளிப்படையாக அச்சிட முடியாது.) 'இஷ்ராகாத்' நிருபத்தில் பஹாவுல்லா இன்னும் துணிந்து, இறைத்தூதர் தண்ணீரை மது என்றாலும், வானத்தைப் பூமி என்றாலும் அது உண்மையே என்கிறார். தண்ணீர் தண்ணீர்தான் என்று தெரியாதவரா இதை எழுதியிருப்பார்? இது பொருள்களைப் பற்றிய தகவல் அல்ல, கட்டளையிடும் உரிமையைப் பற்றிய பேச்சு. எது கூடும், எது கூடாது என்று சொல்ல அவருக்கு மேல் இன்னொரு அளவுகோல் இல்லை என்பதே அங்கே பிழையாமை.

எனக்குச் செம்பு பெரிய தொந்தரவு தரவில்லை. இதுதான் தருகிறது. பஹாவுல்லாவின் மகன் அப்துல் பஹா, இயல்பான பிழையாமை, அருளப்பட்ட பிழையாமை என்று இரண்டாகப் பிரித்து, இரண்டாவது, பஹாய்களின் உச்ச நிர்வாக சபையாகத் தேர்ந்தெடுக்கப்படும் உலக நீதி மன்றத்துக்கும் உண்டு என்றார். 1963இலிருந்து இஸ்ரேலின் ஹைஃபாவில் ஒன்பது பேர் கொண்ட அந்த மன்றம் இயங்குகிறது. ஆணும் பெண்ணும் சமம் என்று உரக்கச் சொன்ன மார்க்கம் இது. ஆனால் அந்த ஒன்பது இடங்களில் பெண்களுக்கு இடமில்லை. காரணம் பின்னாளில் நண்பகல் சூரியனைப்போலத் தெளிவாகும் என்று அப்துல் பஹா எழுதியதோடு நிற்கிறது. தனிமத்தைப் பற்றிய ஒரு வரி பிழையானால் யாருக்கும் நஷ்டமில்லை. இங்கே வாழும் மனிதர்கள் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். பஹாய் நண்பர்கள் இதைப் பொறுமையோடு ஏற்பதை மதிக்கிறேன். எனக்கு அது போதவில்லை.

பெரியவரிடம் தாராளமாகக் கேளுங்கள். உண்மையை ஒவ்வொருவரும் தானே தேட வேண்டும் என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை. புரோகிதர் கிடையாது. ஷோகி எஃபெண்டி 1957இல் மறைந்த பிறகு வேதத்துக்கு அதிகாரபூர்வமாகப் பொருள் சொல்பவர் எவரும் இல்லை. நீதி மன்றம் சட்டம் இயற்றலாம், ஆனால் பொருள் சொல்லும் வேலையைச் செய்வதில்லை. தன் வாசிப்பை அடுத்தவர் மேல் திணிக்காதவரை பெரியவர் சொந்தமாக வாசிக்கலாம். செம்பு வரும் பக்கத்தை எடுத்துப் போய், முன்னும் பின்னுமாக அவரோடு சேர்ந்து படித்துப் பாருங்கள். இஷ்ராகாத்தில் அந்தத் தண்ணீர் வரியை அவர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்றும் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கு எழுதினால் மகிழ்வேன்.