காசு போட்டால் எடை அட்டை: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பற்றி எழுதியபோது, ஒரு கடையின் ஓரத்தில் நின்ற பழைய எடை பார்க்கும் இயந்திரத்தை ஒரே வரியில் குறிப்பிட்டிருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளைவிட அந்த ஒரு வரிக்கே அதிகக் கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் பொது இடங்களில் நின்றிருந்த காசு இயந்திரங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் சிறுமியாக இருந்தபோது, காரைக்குடி ரயில் நிலையத்தில் கம்பன் எக்ஸ்பிரசுக்குக் காத்திருக்கும் நேரத்தில், எங்கள் ஐயா என்னை எடை இயந்திரத்தில் ஏற்றி நிறுத்துவார்கள். வண்ண விளக்குகள் எரியும், சக்கரம் சுற்றும், காசு போட்டதும் அட்டை வந்து விழும். உள்ளே என்ன நடந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. விளக்குவீர்களா?
— ஒரு வாசகி, கோட்டையூர்

பதில்: நீங்கள் ஏறி நின்ற பலகைக்கு அடியில் நெம்புகோல்கள் இருந்தன. அவை உங்கள் எடையைப் பல மடங்கு குறைத்து, பின்புறம் உள்ள ஒரு கம்பி வழியாக மேலே இருக்கும் வில்சுருளுக்கோ எதிர் எடைக்கோ கொண்டு சேர்த்தன. அந்தக் கம்பி இழுபடும் அளவுக்கு ஏற்ப, விளிம்பில் எண்கள் பொறித்த ஓர் அச்சுச் சக்கரம் திரும்பி, உங்கள் எடைக்குரிய எண்ணைக் கீழ்நோக்கிக் காட்டியபடி நின்றது. நீங்கள் காசு போடுவதற்கு முன்பே எடை பார்க்கும் வேலை முடிந்துவிட்டது என்பதுதான் இதில் பலரும் கவனிக்காத செய்தி. காசின் வேலை அந்த எண்ணை அட்டையில் பதிய வைப்பது மட்டுமே.

துளையில் நுழைந்த காசு நேராகப் பெட்டிக்குள் விழுந்துவிடவில்லை. வழியில் அதற்குச் சில சோதனைகள் இருந்தன. துளையைவிடப் பெரிய காசு நுழையவே முடியாது. அளவில் சிறியது ஓடுபாதையின் பக்கத்தில் விடப்பட்ட இடைவெளி வழியாக நழுவித் திருப்பிக் கொடுக்கும் கிண்ணத்தில் விழுந்துவிடும். எடை குறைந்த போலிக் காசுக்குத் தாழ்ப்பாளைச் சாய்க்கும் பலம் இராது. இரும்பு வாஷரைப் போட்டு ஏமாற்ற முயல்பவர்களைத் தடுக்கச் சில கருவிகளில் காந்தமும் வைத்திருந்தார்கள். இவை அனைத்தையும் கடந்த காசு தன் எடையாலேயே ஒரு சிறு நெம்பை அழுத்தித் தாழ்ப்பாளை விடுவிக்கும். உடனே, செங்குத்தான குழாயில் அடுக்கி வைத்திருந்த அட்டைகளில் அடியிலுள்ள ஒன்று தள்ளப்பட்டு, அச்சுச் சக்கரத்தின் கீழே போய் நின்று, எண்ணைப் பதித்துக்கொண்டு வெளியே விழும். அட்டை விழுமுன் உள்ளே கேட்கும் ஒலி அந்த அச்சு அடித்த ஒலிதான்.

வெளியே நீங்கள் பார்த்த, சுற்றிய சக்கரமும் மின்னிய விளக்குகளும் எடையோடு தொடர்பில்லாதவை; உள்ளே இருந்த அச்சுச் சக்கரம் வேறு. ஆனால் அவற்றை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பலகையில் ஏறியவர் அசையாமல் நின்றால்தான் எண் சரியாகப் பதியும். 'சக்கரம் நின்ற பிறகு காசு போடவும்' என்ற அறிவிப்பு, ஏறியவரைச் சற்றுப் பொறுத்து நிற்கச் செய்வதற்கான நல்ல ஏற்பாடாக இருந்தது. துள்ளிக் குதிக்கும் பிள்ளைகளைக்கூட அந்தச் சக்கரம் அசையாமல் நிறுத்தியதே!

கைக்குழந்தைக்கு எடை பார்க்க இரண்டு காசு செலவாகும். தாய் குழந்தையோடு ஏறி ஓர் அட்டையும், தனியாக ஏறி இன்னோர் அட்டையும் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பார்ப்பார். நான்கைந்து கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்தக் கணக்கு எவ்வளவு சரியாக இருந்திருக்கும் என்பது வேறு செய்தி. வீட்டில் எடைக்கருவி இல்லாத காலத்தில், பிள்ளை தேறி வருகிறதா என்று அறிய அந்த இரண்டு அட்டைகளை நம்பிய குடும்பங்கள் பல இருந்தன.

கேள்வி: அட்டையின் ஒரு பக்கத்தில் அச்சிட்டிருந்த பலன், நம் எடையைப் பார்த்து வந்ததா?
— ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லை. பலன் வரிகளும் சினிமா நட்சத்திரங்களின் படங்களும் அச்சகத்திலேயே அச்சிடப்பட்டு, கட்டுக் கட்டாகக் குழாயில் அடுக்கப்பட்டவை. எடை எண் மட்டுமே நம் முன்னால் பதிந்தது. அதனால் அடுத்தடுத்து ஏறிய இருவரில், முதலாமவர் விலகி மற்றவருக்கு இடம் விட்டிருந்தால், பலனும் மாறிப் போயிருக்கும். அட்டையின் அளவும் தடிப்பும் பழைய ரயில் பயணச்சீட்டைப் போலவே இருந்ததால், பலரும் அதைப் பயணச்சீட்டோடு சேர்த்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்கள்.

கேள்வி: காசு போட்டால் பொருள் தரும் இயந்திரத்தை முதலில் அமைத்தவர் யார்? வெள்ளைக்காரர்கள்தாம் என்று என் மகன் சொல்கிறான்.
— ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: நவீன இயந்திரங்களைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது சரி. 1883-இல் லண்டனில் பெர்சிவல் எவரிட் என்பவர் அஞ்சலட்டை விற்கும் காசு இயந்திரத்தை அமைத்தார். காசு போட்டு எடை பார்க்கும் கருவியை வடிவமைத்தவர்களிலும் அவர் ஒருவர். 1888-இல் நியூயார்க் நகரின் உயர்நிலை ரயில் பாதை நடைமேடைகளில் ஆடம்ஸ் நிறுவனம் சூயிங்கம் இயந்திரங்களை நிறுத்தியது. ரயிலுக்குக் காத்திருப்பவரின் கையில் சில்லறையும் நேரமும் இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டிருக்கிறார்கள். நம் நிலையங்களில் எடை இயந்திரம் நின்றதற்கும் அதுவே காரணம்.

ஆனால் இந்த எண்ணம் அதைவிட மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோ என்ற கிரேக்க அறிஞர், கோயிலில் காசு போட்டால் தீர்த்தம் தரும் ஒரு கலத்தை விவரித்திருக்கிறார். காசு ஒரு தட்டில் விழும். அந்த எடையால் தட்டு சாய, மறுமுனையில் நீர் வழியை மூடியிருந்த அடைப்பான் உயரும். காசு நழுவி விழுந்ததும் அடைப்பான் தானாக மூடிக்கொள்ளும். காசின் எடையையே விசையாக்கிய அதே தத்துவம்தான் காரைக்குடி நடைமேடையிலும் வேலை செய்தது.

கேள்வி: ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசும் தொலைபேசியில், காசு போடும் வரை நாம் பேசுவது எதிர்முனையில் கேட்காதது ஏன்?
— ஒரு வாசகர், புதுவயல்

பதில்: எதிர்முனையில் எடுக்காவிட்டால் காசு வீணாகக் கூடாது என்பதற்காக. அழைப்பு இணைந்து, அவர்கள் குரல் நமக்குக் கேட்ட பிறகே காசைப் போடும்படி அமைத்திருந்தார்கள். அதுவரை நம் குரலை அடைத்து வைத்திருந்தார்கள்.

கேள்வி: இவ்வளவு பேர் விரும்பிய எடை இயந்திரங்கள் ஏன் மறைந்தன? வீட்டுக்கு வீடு எடைக்கருவி வந்ததுதானே காரணம்?
— ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அதுவும் ஒரு காரணம். ஆனால் நம் நாணயங்கள் மாறிக்கொண்டே இருந்ததை நான் இன்னும் பெரிய காரணமாகக் கருதுகிறேன். ஒரு குறிப்பிட்ட காசின் குறுக்களவுக்கும் எடைக்கும் பொருத்திச் செய்த இயந்திரம், அந்தக் காசு மாறினால் ஊமையாகிவிடும். 1980களில் நாம் பயன்படுத்திய செம்பு–நிக்கல் ஒரு ரூபாய் 26 மில்லிமீட்டர் அகலமும் 6 கிராம் எடையும் உடையது. 1992-இல் வந்த எவர்சில்வர் ரூபாய் 25 மில்லிமீட்டர், 4.85 கிராம். 2011-இல் ரூபாய்க் குறியீட்டோடு வந்தது ஏறத்தாழ 22 மில்லிமீட்டராகச் சுருங்கியது. அதே வரிசையில் வந்த இரண்டு ரூபாய்க் காசோ 25 மில்லிமீட்டர், 4.85 கிராம், அதாவது 1992-இன் ஒரு ரூபாய்க்குச் சமம். பழைய ரூபாய்க்கு அமைத்த துளை புதிய ரூபாயைத் தள்ளிவிட்டு, புதிய இரண்டு ரூபாயை ஏற்றுக்கொள்ளும்! இதில் மக்கள் எந்தக் காசைப் போடுவது என்று குழம்பியதில் வியப்பே இல்லை.

காந்தம் வைத்த கருவிகளின் நிலை இன்னும் பரிதாபமானது. செம்பு–நிக்கல் காசைக் காந்தம் இழுக்காது என்பதால்தான் இரும்பு வாஷரைப் பிடிக்கக் காந்தத்தை வைத்தார்கள். பின்னர் வந்த எவர்சில்வர் காசுகள் காந்தத்தில் ஒட்டும் வகை. ஆக, போலியைப் பிடிக்க வைத்த காந்தம் நல்ல காசையே பிடித்து வைத்துக்கொண்டது. நாலணாவை நம்பி நின்ற இயந்திரங்களின் கதை 2011 ஜூன் 30-ஆம் நாளோடு சட்டப்படியே முடிந்தது. அன்றோடு 25 காசு செல்லாததாயிற்று. துளையை மாற்றியமைத்துத் தரவும் அட்டைகளை நிரப்பவும் ஆள் வராத இடங்களில், வேலை செய்யக்கூடிய இயந்திரங்களும் மூலைக்குத் தள்ளப்பட்டன.

கேள்வி: காசு இயந்திரங்களின் காலம் முடிந்தே போயிற்றா?
— ஒரு கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: இல்லை. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தின் தொடர்ச்சியாக, 2022-இல் சென்னை கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரத்தை நிறுவினார்கள்.

கேள்வி: பழம்பொருள் கடையிலிருந்து ஒரு எடை இயந்திரத்தை வாங்கி வந்திருக்கிறேன். உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, வண்ணம் பூசி, விளக்கு வைத்து முகப்பில் நிறுத்தலாம் என்று மகன்கள் சொல்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?
— ஒரு வாசகர், கண்டனூர்

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்ய வேண்டாம் என்று உங்களையும் உங்கள் மகன்களையும் கேட்டுக்கொள்கிறேன். நம் பகுதியில் பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் எனாமல் தூக்குச் சட்டியும் இன்று வரை எஞ்சி நிற்பதற்குக் காரணம், அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டின் சொத்து என்பதே. அப்பத்தா வைத்திருந்தது என்று சொல்லிக் காப்பாற்ற ஆள் இருந்தது. ரயில் நிலையத்து எடை இயந்திரம் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்கியது என்றாலும் அது யார் வீட்டுப் பொருளும் அன்று; ஆகவே அதற்காகப் பேச யாரும் இல்லாமல், பெரும்பாலானவை பழைய இரும்பாக எடைக்குப் போயின. தப்பி வந்த ஒன்று உங்கள் வளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதன் சிறப்பு வெளிக்கூட்டில் இல்லை. காசைச் சோதிக்கும் பாதையிலும் நெம்புகோல்களிலும் அச்சுச் சக்கரத்திலும்தான் இருக்கிறது.

முதலில் மின்சாரத்தில் செருகாதீர்கள். பழைய கம்பிகளின் உறை உதிர்ந்திருக்கும். மின்பணியாளர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே விளக்கை எரிய விடலாம். உள்ளே உள்ள தூசியை மென்மையான தூரிகையால் அகற்றினால் போதும். நெம்புகோல்கள் தாங்கி நிற்கும் கத்தி முனைகளில் எண்ணெய் தடவினால் தூசி படிந்து எடை பிசகும். வெளியே பழைய வண்ணமும் எழுத்தும் எவ்வளவு மங்கியிருந்தாலும் அப்படியே இருக்கட்டும். இடம் மாற்றும்போது பலகையை அசையாமல் கட்டிவிட்டு நிமிர்த்தியே தூக்குங்கள். துளைக்குள் எந்தக் காசு பொருந்துகிறதோ, அந்த வகைக் காசுகளைப் பழம்பொருள் கடையிலேயே தேடி வாங்கி, வீட்டுக்கு வரும் பிள்ளைகள் போட்டுப் பார்ப்பதற்காக ஒரு டப்பாவில் அருகிலேயே வையுங்கள்.

கேள்வி: என்னிடம் அந்தக் காலத்து எடை அட்டைகள் சில உள்ளன. லேமினேஷன் செய்து வைக்கலாமா?
— ஒரு வாசகர், கோனாபட்டு

பதில்: வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு அட்டைக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. ஈரம் உள்ளே சிக்கினால் அச்சும் கெடும். வெயிலும் ஈரமும் படாத இடத்தில், காகித உறையில் தனித்தனியாக வைத்து, எந்த ஊரில் எந்த ஆண்டு யார் ஏறி எடுத்தது என்பதை உறையின் மேல் பென்சிலால் எழுதி வையுங்கள்.