கொடுவாவுக்கு ராடு, ரீல், லூர்: முள்ளிலிருந்து ஆரம்பியுங்கள்

கேள்வி: அமெரிக்க பேஸ் மீன்பிடி வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. வீடு வேளச்சேரியில். ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்தால் முட்டுக்காடு, கோவளம் வரை போகலாம். கையில் 10,000 ரூபாய் இருக்கிறது. பெய்ட்காஸ்டர் ரீல் ஒன்றும், 30 லூர் (செயற்கை இரை) அடங்கிய டப்பா செட் ஒன்றும் வாங்க நினைக்கிறேன். சரியாக இருக்குமா? இதற்கென்று வாங்கும் ராடு (தூண்டில் கம்பு) ஏரியில் விராலுக்கும் ஆகுமா?

பதில்: முதலில் அந்த டப்பா செட்டைக் கைவிடுங்கள். பெய்ட்காஸ்டரையும் (வீசும்போது சுழலும் உருளையைக் கட்டைவிரலால் அடக்க வேண்டிய ரீல் அது) இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

நீங்கள் வீடியோவில் பார்க்கும் மீன் நன்னீர் ஏரியில் வாழும் லார்ஜ்மவுத் பேஸ். அது நம் கழிமுகங்களில் இல்லை. முட்டுக்காட்டில் லூருக்குப் பாய்ந்து வரக்கூடியது கொடுவா. இரண்டும் மறைவில் பதுங்கியிருந்து இரையை ஒரே மூச்சில் உறிஞ்சி விழுங்குபவை என்பதால் வீசும் முறை, இழுக்கும் முறை பெரும்பாலும் பொருந்தும். சாமான் மட்டும் பொருந்தாது. கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். வாய் உள்பக்கம் அரம் போலச் சொரசொரப்பு. கடித்த உடனே கல்லுக்கோ பாலத் தூணுக்கோ பாயும். போதாக்குறைக்கு உப்புத் தண்ணீர்.

கடைக்குப் போகிறவர்கள் ரீலில் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ராடு, அதிலும் மிச்சத்தில் லூர் என்று வாங்குகிறார்கள். மீன் தப்புவதோ எதிர்முனையில். நீங்கள் முள்ளிலிருந்து பின்னோக்கி வாருங்கள்: முள், லூர், லீடர் (லூருக்கு முன்னால் கட்டும் கெட்டி நரம்பு), பிரெய்டு (ரீலில் சுற்றும் பின்னல் நரம்பு), ராடு, கடைசியில் ரீல். 10,000 ரூபாயைத் தோராயமாக இப்படிப் பிரிக்கலாம்: மாற்று முட்கள், ஸ்பிளிட் ரிங் (முள்ளை லூரில் மாட்டும் சாவிவளையம் போன்ற வளையம்), பிளையர், லிப் கிரிப் எல்லாம் சேர்த்து 1,200, லூர்கள் 2,000, பிரெய்டும் லீடரும் 1,200, ராடு 2,600, ரீல் 3,000.

முள்ளுக்குத் தனியாகப் பணமா என்று தோன்றும். நன்னீர் பேஸுக்கென்று வரும் லூர்களிலும், மலிவான டப்பா செட்களிலும் மூன்று முள் சேர்ந்த ட்ரெபிள் மெல்லிய கம்பியில் இருக்கும். மூன்று கிலோ கொடுவா தலையை உலுக்கினால் அது நிமிர்ந்துவிடும். ஸ்பிளிட் ரிங் வாய் பிளந்துகொள்ளும். இரண்டே வாரத்தில் துருவும் ஏறும். எனவே லூர் வாங்கிய அன்றே பழைய ட்ரெபிளைக் கழற்றிவிட்டு, கடல்நீருக்கான தடித்த கம்பி ட்ரெபிளோ, லூருக்கென்றே வரும் ஒற்றை முள்ளோ போடுங்கள். ஒற்றை முள்ளில் ஒரு நன்மை: மீனை விடுவிக்கும்போது உங்கள் விரலில் ஏற மிச்ச முட்கள் இருக்காது.

முள் மாற்றினால் லூரின் எடை மாறும், நடையும் மாறும். தண்ணீரில் அசையாமல் நிற்க வேண்டிய சஸ்பெண்டிங் வகை மின்னோவில் (சிறுமீன் வடிவக் கெட்டி லூர்) இது முக்கியம். நன்னீருக்காக எடை கட்டப்பட்ட மின்னோ, அடர்த்தி கூடிய உப்புத் தண்ணீரில் மெல்ல மேலே எழும். தடித்த முள் போட்டால் அந்தக் குறை பல சமயம் சரியாகிவிடும். வடகிழக்குப் பருவமழையில் உப்பங்கழிக்கு நன்னீர் வந்து கலந்தபின், அதே லூர் மூழ்கத் தொடங்கும். வீட்டில் ஒரு வாளி தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினால், கரையில் நின்று குழம்ப வேண்டாம்.

லூரில் ஐந்தாறு போதும். கழி பல இடங்களில் ஆழம் குறைந்தது. அதனால் ஒரு மீட்டருக்கு மேல் இறங்காத, 9 முதல் 11 செ.மீ. நீள மின்னோ இரண்டு. வாலை ஆட்டும் நான்கு அங்குல ரப்பர் மீன் ஒரு பாக்கெட், அதற்கு 7, 10 கிராம் ஜிக் ஹெட் (ஈயத்தலை கொண்ட முள்) நாலைந்து. இறால் வடிவ ரப்பர் லூர் ஒன்றிரண்டு. விடியற்காலையிலும் அந்தி மங்கும்போதும் மேல்தண்ணீரில் ஓட்ட ஒரு பாப்பர். அவ்வளவுதான். நிறத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் உண்டு. தெளிந்த தண்ணீரில் மடவைக் குஞ்சு போல வெள்ளி, மழைக்குப்பின் கலங்கிய தண்ணீரில் தங்கம் அல்லது கறுப்பு என்று வைத்துக்கொண்டால் போதும். நிறத்தைவிட நிறுத்தம்தான் கடிக்க வைக்கும். இரண்டு சுற்று சுற்றி, இரண்டு மூன்று விநாடி சும்மா விடுங்கள். அந்த இடைவெளியில்தான் பெரும்பாலும் ‘டப்’ என்று அடி விழும்.

மின்னோ நேராக வராமல் ஒரு பக்கம் சாய்ந்து ஓடினால் தூக்கிப் போடாதீர்கள். அதன் மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடித்து, எந்தப் பக்கம் திரும்பி வர வேண்டுமோ அந்தப் பக்கம் மூக்கிலுள்ள வளையத்தைப் பிளையரால் இம்மியளவு வளையுங்கள். ஒரே தடவையில் அதிகம் வளைத்தால் வளையம் தளர்ந்துவிடும்.

லூரைக் கட்ட வலுவான சிறிய ஸ்னாப் (திறந்து மூடும் கொக்கி), இல்லையென்றால் தளர்வான லூப் முடிச்சு. லூருக்கு முன்னால் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) போடுவது நம்மூரில் பழகிப்போன வழக்கம். அது மின்னோவின் ஆட்டத்தைக் கெடுக்கும்.

லீடர் 40 பவுண்டு பலம், நீளம் ஒரு மீட்டர். ஃப்ளூரோகார்பன் நரம்பு நல்லது, கையைக் கடித்தால் அதே பலமுள்ள கெட்டியான தங்கூசும் (நைலான் நரம்பு) வேலை செய்யும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், கல்லில் உரசிய பிறகும், லூர்ப் பக்கத்து கடைசி ஒரு அடியை விரல்களுக்கிடையே இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் அந்த அளவை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். “பெரிய மீன், அறுத்துக்கொண்டு போய்விட்டது” என்று கேட்கும் கதைகளில் பாதி, இந்த ஒரு அடியை வெட்டாததால் வருவது.

பிரெய்டு 20 பவுண்டு, 150 மீட்டர். கொடுவா வெகுதூரம் ஓடாது. ஓடும் சில மீட்டரில்தான் எல்லாம் முடிவாகும். பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு சிறந்தது: மெலிதாக இருப்பதால் ராடு வளையங்களில் தட்டாது. பழகும்வரை டபுள் யூனி முடிச்சு போடலாம். இறுக்குமுன் எச்சில் தடவி, நிதானமாக இழுக்க வேண்டும். பிரெய்டை வெற்று ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றும் பகுதி) நேராகச் சுற்றினால் மொத்தச் சுருளும் வழுக்கிச் சுழலும், பார்ப்பதற்கு டிராக் (மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை நழுவவிடும் பிரேக்) கெட்டுப்போனது போலிருக்கும். அடியில் நாலைந்து சுற்று தங்கூஸ் சுற்றிவிட்டு அதன்மேல் பிரெய்டு ஏற்றுங்கள். ஸ்பூல் விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் வீசும்போது சுருள் சுருளாக வெளியே வந்து சிக்கு விழும்.

ராடு: ஏழடி, மீடியம் ஹெவி (நடுத்தரத்தைவிடச் சற்று விறைப்பு), ஸ்பின்னிங் வகை, இரண்டு துண்டு. பைக்கில் போகிறவருக்கு ஒரே துண்டு ராடு வேண்டாத தொல்லை. ஒரு பிவிசி குழாயில் இரண்டு துண்டையும் போட்டு வண்டியோடு சேர்த்துக் கட்டிவிடலாம். ராடின் அடிப்பக்கத்தில் லூர் எடை 10 முதல் 30 கிராம் என்று அச்சிட்டிருப்பதாகத் தேடுங்கள். இங்கே பலர் ஏமாறுவது ஒரு கணக்கில்: 10 கிராம் ஜிக் ஹெட்டோடு நான்கு அங்குல ரப்பர் மீனைச் சேர்த்தால் மொத்தம் 18, 20 கிராம் ஆகிவிடும். ஜிக் ஹெட்டை மட்டும் கணக்கில் எடுத்து மெல்லிய ராடு வாங்கினால் வீசும்போதே நுனி முறியலாம். கடையிலேயே நுனியிலிருந்து அடிவரை ஒவ்வொரு வளையத்தின் உள்ளேயும் பஞ்சைச் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு நார் மாட்டினால் பீங்கான் வளையத்தில் விரிசல் இருக்கிறது. அது ஒரே நாளில் பிரெய்டைத் தின்றுவிடும். நுனி கொஞ்சமாவது வளைய வேண்டும். பிரெய்டு அநேகமாக நீளாது. ராடும் விறைத்து நின்றால், மீன் தலையை உலுக்கும்போது முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

இப்போது ரீல். ஸ்பின்னிங் ரீல் (வீசும்போது ஸ்பூல் சுழலாமல் நரம்பு தானே அவிழும் வகை), 3000 அல்லது 4000 அளவு (விலையல்ல, ரீலின் அளவு எண்), கியர் விகிதம் 5 அல்லது 6க்கு 1. பெய்ட்காஸ்டர் நல்ல கருவிதான், ஆனால் கட்டைவிரல் பழகாதவருக்குக் கடற்கரையில் அது வேலைக்காகாது. கோடைகாலத்தில் நண்பகலையொட்டிக் கடற்காற்று முகத்துக்கு நேரே வீசத் தொடங்கும். இலகுவான லூர் காற்றில் வேகம் இழக்கும். ஸ்பூலோ அதே வேகத்தில் சுற்றும். விளைவு, குருவிக்கூடு போல ஒரு சிக்கு, அரை மணி நேரம் அவுட். பேரிங் எத்தனை என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கைப்பிடியைத் திருப்பும்போது ஆட்டம் இல்லாமலிருக்க வேண்டும். நரம்பு திரும்பும் சின்ன உருளை தங்குதடையின்றிச் சுழல வேண்டும். டிராக் வெட்டி வெட்டி இழுக்காமல் சீராக வழுக்க வேண்டும். இந்த மூன்றும் சரியென்றால் எடுக்கலாம்.

டிராக்கை எவ்வளவு இறுக்குவது? நரம்பின் பலத்தில் கால் பங்கு. 20 பவுண்டு என்பது ஏறக்குறைய ஒன்பது கிலோ, ஆக இரண்டேகால் கிலோ. வீட்டில் பெட்டி எடைபோடும் கையடக்கத் தராசு இருந்தால், நரம்பை ராடு வளையங்கள் வழியாக விட்டு நுனியில் தராசைக் கட்டி, ராடைச் சாய்வாகப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தராசு இரண்டேகால் காட்டும்போது நரம்பு நழுவ வேண்டும். தூணுக்குப் பக்கத்தில் வீசும்போது கொஞ்சம் கூட்டலாம். மீன் ஓடும் நேரத்தில் டிராக் குமிழைத் திருகுவதுதான் நரம்பு அறுபட நிச்சயமான வழி. வீசி முடித்ததும் பெயிலை (ரீலில் நரம்பைப் பிடிக்கும் வளைந்த கம்பி) கையால் மூடி, நரம்பை ஒருமுறை விறைப்பாக்கிவிட்டுச் சுற்றுங்கள். கைப்பிடியைச் சுற்றியே மூடினால் தளர்ந்த சுருள் ஒன்று அடியில் மாட்டி, அடுத்த வீச்சில் முடிச்சாக வெளியே வரும்.

வீடு திரும்பியதும் டிராக்கை இறுக்கிவிட்டு, ரீலை நல்ல தண்ணீரில் மெல்லிய தூறலாகக் காட்டுங்கள். குழாயைப் பீய்ச்சியடித்தால் உப்பு கியருக்குள் போய் உட்காரும். வாளியில் முக்கினாலும் அதே கதி. துடைத்து, நிழலில் காயவைத்து, டிராக்கைத் தளர்த்திவிட்டு, நரம்பு உருளையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். லூர்களையும் அலசிக் காயவைத்த பின்பே பெட்டியில் போடுங்கள். ஈரமான ஒரு ட்ரெபிள் பெட்டியிலுள்ள அத்தனை முள்ளுக்கும் துருவைக் கொடுத்துவிடும்.

எங்கே, எப்போது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இது தெரியாமல் சாமான் வாங்கிப் பயனில்லை. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் கழியில் ஓதம் மங்கி, தண்ணீர் தேங்கி நிற்கும். முகத்துவாரம் திறந்து தண்ணீர் ஓடும்போது, வற்றத்தில் (ஓதம் இறங்கும் நேரத்தில்) வாய்க்கால்கள் கழியில் விழும் இடங்களைக் குறிவையுங்கள். அங்கே மடவையும் இறாலும் இறங்கி வரும், கொடுவா ஓரமாகக் காத்திருக்கும். பிடித்தால் கீழ் உதட்டை லிப் கிரிப்பால் பற்றுங்கள், செவுளுக்குள் விரலை விடாதீர்கள். கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர்ந்த பிறகு பெண்ணாக மாறும் இனம். ஆகவே பெரிய மீன் பெரும்பாலும் முட்டை சுமக்கும் தாய். அதை விட்டுவிட்டு, சாப்பாட்டுக்கு நடுத்தர அளவில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்.

விராலுக்கு இதே ராடு பாதி ஆகும். திறந்த தண்ணீரில் ரப்பர் மீன் போட்டு இழுக்கச் சரி. ஆகாயத்தாமரையும் அல்லியும் மூடிய ஏரியில், தழையோடு சேர்த்து மீனைத் தூக்கி எடுக்க ஹெவி ராடும் 40 பவுண்டு பிரெய்டும் வேண்டும். தனியாக இன்னொரு ஸ்பூல் கிடைத்தால் அதில் தடித்த பிரெய்டு ஏற்றி, தழை குறைந்த ஓரங்களில் ஒப்பேற்றலாம். லூர், உள்ளே குழிவான ரப்பர் தவளை. விரால் மேலே வந்து அடித்ததும் பதறி இழுக்காதீர்கள். ஒரு விநாடி பொறுத்து, கனம் தெரிந்தபின் ஓங்கி இழுங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளித்தால் அடியில் காவல் நிற்கும் தாய் தந்தை மேல் தவளையை வீச வேண்டாம். அவை போனால் அந்தக் கூட்டம் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரை. பல ஏரிகளில் மீன்பாசி குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு இறங்குங்கள். செம்பரம்பாக்கம், புழல் போன்ற குடிநீர் ஏரிகளில் அனுமதியில்லாமல் தூண்டில் போட வேண்டாம்.