பாவமன்னிப்பு என்பது மறுபடி பாவம் செய்ய உரிமமா?

"ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்தது, திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கலாம். வசதியான ஏற்பாடுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேலி கலந்திருந்தாலும் நியாயமான கேள்வி. விவிலியத்தில், உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் 6-ஆம் அதிகாரத்தைத் திருத்தூதர் பவுல் இதே கேள்வியோடுதான் தொடங்குகிறார்: அருள் பெருகட்டும் என்று பாவத்திலேயே நிலைத்திருக்கலாமா? கூடவே கூடாது என்பது அவர் பதில்.

அந்த அதிகாரத்தில் பாவம் ஓர் எஜமான். மனிதன் அதற்கு அடிமை. குமாரபாளையத்துக்காரனான எனக்கு இது எளிதில் புரிகிறது. இங்கும் பள்ளிபாளையத்திலும் தறிப்பட்டறையில் முன்பணம் வாங்கியவர், அது அடையும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. பிடித்தம் போக மிஞ்சும் கூலி வீட்டுக்குப் போதாது, மறுபடி கைநீட்டுவார், கடன் ஏறும். கொத்தடிமை முறையை ஒழித்த 1976-ஆம் ஆண்டுச் சட்டம், இப்படி ஆளைக் கட்டிப்போடும் கடனையே இல்லாமல் ஆக்கிவிட்டது. ஆனாலும் விடிந்தால் அதே தறிக்குப் போய் நிற்பவர்கள் உண்டு. கடன் ரத்தாவது மன்னிப்பு; பட்டறையை விட்டு வெளியேறுவது பாவத்திலிருந்து விடுதலை. முன்னது முழுக்கக் கடவுளின் கொடை. பின்னதற்கும் அவர் அருள் வேண்டும், நாமும் எழுந்து நடக்க வேண்டும்.

எங்கள் கத்தோலிக்கப் பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவானவரிடம் பாவத்தை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறும் சடங்கில், வாயால் சொல்வது ஒரு பகுதிதான். மனம் வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்ற உறுதி வேண்டும், பரிகாரமும் வேண்டும். திங்கட்கிழமைக்கான திட்டத்தோடு மண்டியிடுபவருக்கு அந்த மன்னிப்பு செல்லாது. குருவானவரை ஏமாற்றலாம், அவ்வளவுதான். திருந்த நினைத்தும் தவறி விழுபவர் கதை வேறு. குடியை விட முடியாமல் வாராவாரம் அழுதுகொண்டு வருபவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஏழு முறை மன்னித்தால் போதுமா என்று கேட்ட சீடர் பேதுருவுக்கு, எழுபது தடவை ஏழு முறை என்றார் இயேசு.

பரிகாரம் என்றதும் நான்கு செபத்தோடு முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள், எங்கள் ஆட்களையும் சேர்த்து. திருடியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விவிலியத்தில் வரும் வரிவசூலிப்பவரான சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருவதாக இயேசுவிடம் சொன்னார். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர், நெய்த மீட்டரைக் குறைத்து எழுதிக் கூலியில் கை வைத்தவர். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தவக்காலம் ஒன்றில் பழைய கூலி நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். ஒருவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "சரிங்க" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். கடவுள் மன்னித்தாரே, இவர் ஏன் சிரித்துப் பேசவில்லை என்று கேட்கும் உரிமை பட்டறைக்காரருக்குக் கிடையாது.

பாதிக்கப்பட்டவர் மன்னித்தாலும் சட்டம் விலகிக்கொள்வதில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரு மகன்களையும் வண்டிக்குள் வைத்து எரித்தார்கள். கொன்றவர்களை மன்னிப்பதாக மனைவி கிளாடிஸ் வெளிப்படையாகவே சொன்னார். வழக்கு அதன் போக்கில் நடந்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கிளாடிஸின் மன்னிப்பை அது பொய்யாக்கவில்லை. ஆகவே, உங்களை ஏமாற்றிய ஒருவர் "கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார்" என்று வந்து நின்றால், சந்தோஷம் என்று சொல்லிவிட்டு, தரவேண்டிய பாக்கியைத் தாராளமாகக் கேளுங்கள்.